உன் ஜூனிப்பருக்கு நான் ஊற்றிய தண்ணீர்

பாப்பா, உன் செடி சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீ கடிதத்தைப் பிரித்ததும் கடைசிப் பக்கத்துக்குத் தாவி, பிழைத்ததா போய்விட்டதா என்று தேடுவாய். பாதி பச்சையாக இருக்கிறது, பாதி காய்ந்துவிட்டது. அதைக் காயவிட்டது நான் இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் காயவிட்டது, எப்போது காயவிட்டது என்று துப்புத் துலக்கப் போய்த்தான் உன்னைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டேன். நீ இப்போது உன் வீட்டில் இல்லை. ரொம்ப நாளாகவே இல்லை. இதைப் போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ குரலை மாற்றிக்கொள்வாய், நான் குரலை உயர்த்திவிடுவேன், யாராவது ஒருத்தர் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தில் நான் கத்தினாலும் உனக்குக் கேட்காது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் பஸ்ஸில் வந்து காரிமங்கலத்தில் இறங்கியபோதே எனக்குச் சரியாகப் படவில்லை. முழங்கால் உயரம்கூட இல்லை. ஊசி ஊசியாக இலை. வளர விடாமல் யாரோ தலையில் கை வைத்து அழுத்திய சவுக்குக் கன்று மாதிரி இருந்தது. "ஜூனிப்பர்ம்மா, இது இவ்ளோதான் வளரும். வீடு மாத்தறோம், புது வீட்டுல பால்கனி இல்ல. கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும்" என்றாய். வீடு மாற்றுகிறவர்கள் கட்டிலையும் பீரோவையும் பற்றித்தான் முதலில் கவலைப்படுவார்கள். ஒற்றைச் செடியை முதலில் ஊருக்கு அனுப்பி வைப்பவர்களை நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்றேன். வேலை என்றாய். ஞாயிற்றுக்கிழமை என்னடி வேலை என்றேன். உனக்குச் சொன்னால் புரியாது என்றாய். எனக்குப் புரியாது என்று யாராவது சொன்னால், புரிந்துவிடக் கூடாது என்று நினைக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அன்றைக்கு அவரைக்கொட்டைக் குழம்பைத் தட்டில் ஒரு சொட்டு விடாமல் வழித்துக் களி சாப்பிட்டாய். மாமியார் வீட்டுக்குப் போன பிறகு களியென்றால் முகத்தைச் சுளித்தவள் நீ. அதையும் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் உன் அப்பா உன்னை வண்டியில் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். பஸ் ஏற்றிவிட அவ்வளவு நேரம் ஆகாது. வந்தவர் டீ கேட்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு நேராகத் தக்காளித் தோட்டத்துக்குப் போனார். இருட்டுகிற நேரத்தில் தோட்டத்தில் என்ன வேலை? கேட்டதற்கு மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன் என்றார். கரண்ட்டே இல்லாத நேரம் அது. கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிறேன், உன் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையை அவர் செய்கிறார் என்றால் அவரைச் செய்யச் சொன்னவர் வேறு யாரோ என்று அர்த்தம்.

நீ போனதும் எனக்குத் தண்ணீர் ஊற்றப் பாடம் நடத்தி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாய். தினமும் ஊற்றக்கூடாது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும், ஈரம் இருந்தால் விட்டுவிட வேண்டும். ஊற்றினால் அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வரும்வரை ஊற்ற வேண்டும். தட்டில் தேங்கவிடக்கூடாது. இலைமேல் ஊற்றக்கூடாது. போர் தண்ணீர் கூடவே கூடாது, உப்பு. குடிக்கிற ஒகேனக்கல் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கேட்டுவிட்டு உன் அப்பாவிடம், மனுசனுக்கே அளந்து விடுகிற தண்ணியை இந்தக் குட்டைச் சவுக்குக்குக் கேட்கிறாள் பாருங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "கேக்கறா இல்ல, ஊத்து" என்றார். நம் நாற்றங்காலிலேயே பிறந்து வளர்ந்தவள் தண்ணீர் ஊற்ற எனக்கே கற்றுக்கொடுக்கிறாள் என்று கொஞ்சம் ரோஷம்கூட வந்தது. ஆனாலும் ஒரு எழுத்து பிசகாமல் செய்தேன். குழாயில் தண்ணீர் வருகிற அன்றைக்கு முதல் சொம்பை அதற்கென்று எடுத்து வைத்தேன். தொட்டி ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். ஊற்றினேன். ஊற்றிய உடனே ஓட்டை வழியாக ஜில்லென்று ஓடி வந்தது. நன்றாகக் குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் நான் ஏமாந்தேன். ஊற்றிய உடனே வெளியே ஓடி வருகிற தண்ணீரை உள்ளே இருப்பவர்கள் யாரும் குடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தச் செடியை எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. தக்காளி என்றால் தாகம் எடுத்தால் மத்தியானமே தலையைத் தொங்கப் போட்டுவிடும். பூசணிக்கொடி குழந்தை மாதிரி, அரை நாள் பொறுக்காது. தண்ணீர் விட்டால் சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும். கேட்கிறது, கொடுக்கிறோம், கணக்கு தீர்ந்தது. இது வாடவும் இல்லை, வளரவும் இல்லை. வெயிலடித்தாலும் அதே முகம், தண்ணீர் விட்டாலும் அதே முகம். முகத்தில் எதையும் காட்டாத ஆட்களை நான் எப்படி நம்பாமல் இருப்பேனோ அப்படித்தான் இதையும் நம்பாமல் தினமும் வந்து வந்து பார்த்தேன். பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள், சுவர்ப் பக்கத்து அடிக்கிளையில் ஊசிகள் பழுத்திருந்தன. கையால் தடவினால் உதிர்ந்தன. நாலு நாள் போனதும் அந்தப் பக்கம் முழுக்க டீத்தூள் நிறமாகிவிட்டது.

யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். முதலில் பக்கத்து வீட்டு உன் பெரியம்மாமேல்தான் சந்தேகம். செடி வந்த அன்றைக்கே சுற்றிச் சுற்றி வந்து, "இதுல ஒரு கொப்பு ஒடிச்சி நட்டா வருமா?" என்று கேட்டவள். அப்புறம் ஆடு. அப்புறம் உன் அப்பா, வாய் கொப்பளித்த தண்ணீரை எங்கே துப்புகிறார் என்று இரண்டு நாள் பின்னாலேயே போனேன். எதுவும் சிக்கவில்லை. கடைசியில் அடுப்புச் சாம்பலை எடுத்துத் தொட்டியைச் சுற்றிப் பரப்பி வைத்தேன். யார் வந்தாலும் கால் பதியும் இல்லையா? காலையில் போய்ப் பார்த்தால் கோழிக் கால் தடம், அதற்குப் பக்கத்தில் உன் அப்பாவின் ரப்பர் செருப்புத் தடம். அடுத்த நாளும் அதே செருப்பு. பூச்செடிக்கும் புளியஞ்செடிக்கும் வித்தியாசம் பார்க்காத மனுசன் விடிந்ததும் விடியாததுமாக அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டுப் போகிறார்! மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று கவனித்தேன். மனுசன் குனிந்து, பச்சையாக இருக்கிற பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு போனில் படம் எடுக்கிறார்.

"என்னங்க பண்றீங்க இங்க?" என்றேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பாப்பா கேட்டா. தெனம் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லிருக்கறா."

"செடிக்குத் தண்ணி ஊத்தறது நானு. போட்டோ உங்களையா கேட்டா?"

"உனக்குப் போட்டோ எடுக்கத் தெரியாதுன்னு நெனச்சிருப்பா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். போன தீபாவளிக்கு உனக்கும் உன் புருசனுக்கும் ஆளுக்கு நாற்பது போட்டோ எடுத்தது யார்? பெற்ற பெண் அப்பனிடம் ஒரு பேச்சும் அம்மாவிடம் ஒரு பேச்சும் பேசுகிறாள் என்று அன்றைக்குத்தான் உறுதியாகத் தெரிந்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே போய்த் தொட்டியைக் கவிழ்த்தேன். அடியில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்ற ஆத்திரம்.

தட்டியதும் மண்ணோடு கழன்று வந்தது. மண் என்று சொன்னேன், அது மண் இல்லை. தேங்காய் நார்த்தூள். நம் குழித்தட்டில் தக்காளி நாற்று போடுகிறோமே, அதே தூள். வெளிப்பக்கம் விரற்கடை அளவு ஈரம். அதற்கு உள்ளே, வேர் இருக்கிற இடம் முழுக்க, உலர்ந்து சுருங்கி, தூக்கினால் கனமே இல்லாமல் இருந்தது. தொட்டிச் சுவருக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி. நான் ஊற்றிய ஒகேனக்கல் தண்ணீர் அத்தனையும் அந்த இடைவெளி வழியாக இறங்கிப் போயிருக்கிறது. நடுவில் ஒரு சொட்டு போகவில்லை. நார்த்தூளின் குணம் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஈரமாக இருக்கிறவரை தண்ணீரை வாங்கும். ஒருமுறை அடிவரை காயவிட்டால் அப்புறம் மேலே எவ்வளவு ஊற்றினாலும் வாங்காது. தட்டோடு தண்ணீரில் அமுக்கி வைத்தால்தான் உண்டு. நீ ஸ்கூல் படிக்கும்போது எத்தனை தட்டை இப்படி அமுக்கிக் காப்பாற்றியிருக்கிறாய்! அந்தத் தூள் இப்படிச் சுருங்க வேண்டும் என்றால் ஒரு வாரம், இரண்டு வாரம் போதாது. நம் வீட்டுக்கு வந்த பிறகு நான் ஊற்றிக்கொண்டே இருந்ததால் வெளிப்புறமாவது நனைந்திருக்கிறது. அப்படியென்றால் உள்ளே காய்ந்தது இங்கே வருவதற்கு முன்னால். பெங்களூரில், உன் பால்கனியில். இந்த ஜாதிச் செடி காய்ந்ததை உடனே சொல்லாது, மெதுவாகத்தான் சொல்லும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ மடியில் வைத்துக் கொண்டுவந்தபோதே அது உள்ளே காய்ந்துபோய்த்தான் வந்திருக்கிறது.

வாளியில் நல்ல தண்ணீரை நிரப்பி, தூளோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். விட்டால் மேலே மிதந்தது, அவ்வளவு காய்ச்சல். குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது. நானும் கையை எடுக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். தை மாதம் முழுக்க, மாசியில் செடியைக் கொண்டுவருகிறவரையிலும், நீ தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாய். என்ன பண்றே என்று கேட்டால், "செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கேம்மா" என்பாய். பின்னால் ஒரே பெண்கள் குரலாகக் கேட்கும், தட்டு உருளுகிற சத்தம் கேட்கும். என்ன சத்தம் என்று கேட்டால் பக்கத்து வீட்டில் விசேஷம் என்பாய். அந்தப் பக்கத்து வீட்டில் அப்படி என்னதான் நித்தம் விசேஷம் என்று எனக்கு அப்போதே இருந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றியதாகச் சொன்ன அதே நாட்களில்தான் செடி காய்ந்திருக்கிறது. நீ ஊற்றவில்லை. ஊற்ற நீ அந்த வீட்டில் இல்லை. இருந்தவன் ஊற்றவில்லை. குமிழ் நின்றது. செடியைத் திரும்பத் தொட்டியில் வைத்துத் தூக்கினேன், இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

உன் அப்பா சாப்பிட வந்தபோது தட்டை வைக்காமல் விஷயத்தை வைத்தேன். நார்த்தூளைப் பற்றிச் சொன்னேன், போன் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். ஆச்சரியப்படுவார் என்று பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆஸ்டல்ல இருக்கறா. பொங்கல் கழிஞ்சி போனவதான், வூட்டை வுட்டு வந்துட்டா" என்றார்.

"எப்பங்க சொன்னா?"

"அன்னிக்கு பஸ் ஏத்தி வுடப் போனப்ப."

"ஏன் வந்துட்டாளாம்?"

"கேக்கல."

"கேக்கலையா?"

"'அங்க இருக்க முடியலப்பா'ன்னா. அழுதா. அதுக்கு மேல என்னாத்த கேக்கறது? செடியை எடுக்கறதுக்குன்னுதான் ஒருவாட்டி அந்த வூட்டுக்குப் போனாளாம். அம்மாகிட்ட சொல்லாதன்னா. நீ கேள்வி மேல கேள்வி கேப்பியாம். பதில் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லியாம்."

உன் அப்பாவை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக வருகிறது. பெற்ற பெண் அழுதிருக்கிறாள், ஏன் என்று கேட்காமல் பஸ் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார்! ஆனால் நீ அவரிடம்தான் சொன்னாய். கேட்காத ஆளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாய். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே என்னைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லாம் எனக்கு எதையும் சொல்லாமல் இருக்கப் பழகிவிட்டார்கள் என்பது அன்றைக்கு மத்தியானம் குழம்பு ஆறிக்கொண்டிருந்தபோது தெரிந்தது. வலித்தது பாப்பா. அதற்காக நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. சந்தேகப்படாமல் இருந்திருந்தால் தொட்டியைக் கவிழ்த்திருக்க மாட்டேன், உன் செடி முழுசாகப் போயிருக்கும். ஓட்டை வழியாகத் தண்ணீர் வருகிறது, எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று திருப்தியாக இருந்திருப்பேன்.

பிறகு என் புத்தி எங்கெல்லாமோ ஓடியது. உன் மாமியாருக்குப் போன் போட நம்பரை எடுத்துவிட்டேன். அவர்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டியில் எனக்கு ஆள் இல்லையா என்ன? உன் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி நான் விசாரித்ததை நம் ஊரே சொல்லிச் சிரித்ததே. அவர்கள் தெருவில் தையல் கடைக்காரியிடம் கேட்டேன். ரேஷன் கடை வரிசையில் நின்று கேட்டேன். அவன் படிக்கப் போன பஸ்ஸின் கண்டக்டரைக்கூட விடவில்லை. குடி இல்லை, பீடி சிகரெட் இல்லை, கடன் இல்லை, பெரியவர்களைப் பார்த்தால் எழுந்து நிற்கிறான். சலித்துச் சலித்து எடுத்த மாப்பிள்ளை என்று மார்தட்டிக்கொண்டேன். இந்தப் பொங்கலுக்கு வந்தபோது கறி நன்றாக இருக்கிறது அத்தை, நன்றாக இருக்கிறது அத்தை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நீ தலை நிமிராமல் பரிமாறினாய். இரண்டாவது தடவை புகழ்கிறவனை நம்பாதவள் நான், அன்றைக்கு மட்டும் பூரித்துப்போய் இன்னொரு கரண்டி போட்டேன்.

நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் நினைத்தேன். அவனைப் பற்றி ஊரெல்லாம் கேட்ட நான் உன்னிடம் என்ன கேட்டேன்? முகூர்த்தப் புடவை அரக்கா பச்சையா என்று கேட்டேன். அவ்வளவுதான். இரண்டு தடவை அவனோடு பேசிவிட்டு வந்தாயே, எப்படி இருக்கிறான், உனக்கு அவன் பக்கத்தில் உட்கார எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. உனக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நீ சொல்வதைவிடத் தையல் கடைக்காரி சொல்வதை நம்பினேன். போனைக் கீழே வைத்துவிட்டேன். உன் வாயிலிருந்து கேட்காததை இனி வேறு எந்த வாயிலிருந்தும் கேட்கப் போவதில்லை.

செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த பக்கத்துத் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பழுப்பு. அது போனது போனதுதான். வேம்பு மாதிரி வெட்டினால் துளிர்க்கிற ஜாதி இல்லை. பச்சைப் பக்கத்தைக் கீறினால் உள்ளேயும் பச்சை. நுனியில் வெளிர் பச்சையாக முனை விடுகிறது, அதை நானே கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். இப்போது ஊற்றுவதற்கு முன்னால் தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன். கனம் குறைந்திருந்தால்தான் தண்ணீர். விரலை நம்புவதை விட்டுவிட்டேன். காலை வெயில் மட்டும் படுகிற இடத்துக்கு மாற்றியிருக்கிறேன். காய்ந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை, வருகிறவர்கள் என்ன ஏது என்று கேட்பார்கள் என்று உன் அப்பா சொன்னார். நான் திருப்பவில்லை. கேட்கட்டும். உன் பெரியம்மா நேற்று கேட்டாள். "காஞ்சி போச்சி, பாதி பொழச்சிருக்குது" என்றேன். அவளும் போய்விட்டாள்.

உன் ஆஸ்டல் விலாசத்தை உன் அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன், கொடுக்க மாட்டேன் என்று கொஞ்ச நேரம் பிகு பண்ணினார். திரும்பிப் போ என்று நான் சொல்லப் போவதில்லை. வந்துவிடு என்றும் கட்டாயப்படுத்தவில்லை. வேலையை விடாதே, அது மட்டும் என் புத்திமதி. வருவதானால் எப்போது வேண்டுமானாலும் வா, சொல்லாமல்கூட வா. வந்தால் கேட்க மாட்டேன் என்று மட்டும் உனக்குச் சத்தியம் பண்ண முடியாது. கேட்பேன். என்ன நடந்தது, எப்போதிலிருந்து, அவன் கை நீட்டினானா, எல்லாம் கேட்பேன். நீ சாப்பிட்டு, தூங்கி, எழுந்து முகம் கழுவிய பிறகு கேட்பேன். உன்னிடம் மட்டும்தான் கேட்பேன். நீ என்ன சொன்னாலும், எவ்வளவு கொஞ்சமாகச் சொன்னாலும், வேறு யாரிடமும் போய்ச் சரிபார்க்காமல் நம்புவேன்.

அம்மா